வண்ணக்குண்டு விளையாட்டும் நடுவர் மரபும்

உவகை பிறக்கும் களன்கள் நான்கு என்று வகுத்த தொல்காப்பியர், செல்வம், அறிவு, கூட்டம் என்னும் மூன்றோடும் ஒப்ப வைத்து விளையாட்டையும் எண்ணினார். அதே மெய்ப்பாட்டியலில் அச்சம் பிறக்கும் களன்களும் நான்கே. அணங்கு, விலங்கு, கள்வர், தம்மை ஆளும் அரசன் என்பன அவை. இவ்விரு பட்டியலையும் ஆண்டுதோறும் மாணவர்க்கு ஒப்பிக்கக் கற்பித்தவன் நான். எனினும் ஒரே பொருள் ஒரே வீட்டில் பேரனுக்கு உவகையாகவும் பாட்டிக்கு அச்சமாகவும் நிற்கக்கூடும் என்பதை, ஓர் இசைவுக் கடிதத்தில் கையெழுத்து வாங்கச் சென்றபோதுதான் கண்டேன்.

எங்கள் பள்ளியின் முன்னாள் மாணவர் மன்றத்து இளைஞர்கள் சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் உலாவுக்கு ஏற்பாடு செய்தனர். பத்துமலைக்கும் போர்ட் டிக்சன் கடற்கரைக்கும் போய்ப் போய் அலுத்துவிட்டதாம். கிள்ளானுக்கு வெளியே செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய ஒரு களத்தில் 'பெயிண்ட்பால்' ஆட விரும்பினர். இயந்திரத் துப்பாக்கியைப் போன்ற ஒரு கருவியால் வண்ணம் நிறைந்த சிறு குண்டுகளை எறிந்து, எதிரணியினர்மேல் கறை படியச் செய்து வெளியேற்றும் ஆட்டம் அது. வண்ணக்குண்டு விளையாட்டு என்று நாம் அதனைக் குறிப்பிடலாம். ஐந்தாம் படிவ மாணவர்கள் சிலரும் கலந்துகொள்வதால் பெற்றோர் இசைவு தேவைப்பட்டது. அவர்களுள் ஒருவனுக்குப் பாட்டியே பாதுகாவலர். எண்பதைக் கடந்த அம்மூதாட்டியார் கடிதத்தைப் பேரனைவிட்டு இருமுறை படிக்கச் செய்தார், பின்னர் என்னை நோக்கி, "சார், நாங்கல்லாம் சின்ன வயசுல துப்பாக்கியப் பார்த்தா லயத்துக்குள்ள ஓடி ஒளிஞ்சோம். இப்ப காசு கட்டி சுடச் சொல்றீங்களா?" என்றார்.

அக்கேள்விக்கு உடனே மறுமொழி கூற என்னால் இயலவில்லை. இக்கட்டுரை அன்று நான் கூறியிருக்க வேண்டிய மறுமொழி எனலாம்.

அம்மூதாட்டியார் சிலாங்கூரின் ஒரு ரப்பர்த் தோட்டத்தில் பிறந்தவர். 1948ஆம் ஆண்டு சூன் திங்கள் 16ஆம் நாள் சுங்கை சிப்புட்டில் மூன்று ஐரோப்பியத் தோட்ட நிருவாகிகள் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து மலாயாவில் அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. 1960ஆம் ஆண்டு சூலை 31 வரை அது நீடித்தது. பன்னிரண்டு ஆண்டுகள்! ஒரு குழந்தை பிறந்து, எழுத்தறிந்து, பால்வெட்டக் கத்தி பிடிக்கும் வயதை எட்டும் காலம் அது. 1950இல் தொடங்கிய பிரிக்ஸ் திட்டத்தின்படி ஏறத்தாழ ஐந்து இலட்சம் மக்கள் புதுக்கிராமங்களுக்குப் பெயர்க்கப்பட்டனர். அவர்களுள் பெரும்பாலோர் காட்டோரத்தில் வாழ்ந்த சீனர்கள். தோட்டத்துத் தமிழர்களின் லயங்களும் பல இடங்களில் ஒன்றுசேர்க்கப்பட்டு முள்வேலிக்குள் அடைபட்டன. காட்டிலிருப்போர்க்கு அரிசி போய்ச் சேராதபடி வாயிலில் சோதனை நடந்தது. சிலாங்கூரின் பத்தாங் காலியில் 1948 திசம்பர் 12ஆம் நாள் ஆயுதம் தாங்காத 24 பேரைப் பிரித்தானியப் படையினர் சுட்டுக் கொன்றதும் அக்காலத்தேதான். இரவில் காட்டிலிருந்து வருபவனுக்கும் அஞ்சினர். பகலில் பட்டாளத்து வண்டியில் வருபவனுக்கும் அஞ்சினர். தொல்காப்பியர் கள்வரையும் அரசனையும் ஒரே பட்டியலில் வைத்ததன் பொருத்தம், உரையாசிரியர்களைவிட இந்தத் தலைமுறைக்கு நன்கு விளங்கும்.

இப்பின்னணி உடையவர் கேட்ட கேள்வி அது. அவ்விளையாட்டு போர்ப்பயிற்சியின் எச்சம் என்றே நானும் எண்ணியிருந்தேன். அதன் வரலாறோ வேறாக இருக்கிறது.

அமெரிக்கக் காடுகளில் மரம் வெட்டுவோர் வெட்டவேண்டிய மரங்களுக்கு அடையாளமிட வேண்டும். மாட்டுப் பண்ணையாளர் மந்தையிலிருந்து பிரிக்க வேண்டிய மாட்டுக்கு அடையாளமிட வேண்டும். ஆற்றுக்கு அப்பால் நிற்கும் மரத்திற்கும் அருகே அண்டவிடாத மாட்டிற்கும் தூரிகையோடு செல்வது எவ்வாறு? இக்குறையைத் தீர்க்க நெல்சன் என்னும் வண்ணக் குழுமம், மருந்துக்கான மெல்லுறைகளைச் செய்யும் நிறுவனத்தின் துணையோடு வண்ணம் அடைத்த குண்டுகளை உருவாக்கியது. அவற்றை எறிவதற்குக் காற்றுத் துப்பாக்கி செய்யும் டெய்சி நிறுவனம் 'நெல்ஸ்பாட் 007' என்னும் கருவியைச் செய்து தந்தது. நாம் மீன் எண்ணெயை விழுங்கும் அதே வகை உறைதான் வண்ணத்தையும் பொதிந்துகொண்டது. இன்றும் இவ்விளையாட்டுக் கருவியை ஆடுவோர் துப்பாக்கி என்பதில்லை; குறியிடுவது என்னும் பொருளில் 'மார்க்கர்' என்றே வழங்குவர். அது வெறும் இடக்கரடக்கல் அன்று. பிறப்பிலேயே அமைந்த பெயர்.

மாட்டுக் கருவி விளையாட்டுக் கருவியானது ஒரு வாதத்தினால். சார்லஸ் கெயின்ஸ் என்னும் எழுத்தாளரும் ஹேய்ஸ் நோயல் என்னும் பங்குச்சந்தை வணிகரும் நண்பர்கள். நகரத்தில் போட்டியிட்டுப் பிழைக்கக் கற்றவன் காட்டிலும் பிழைப்பானா, அல்லது காட்டை அறிந்தவனே அங்கு வெல்வானா என்பது அவர்களிடை நெடுநாள் நடந்த வழக்கு. மனிதனை மனிதன் வேட்டையாடுவதைப் பற்றி ரிச்சர்ட் கானல் 1924இல் எழுதிய புகழ்பெற்ற சிறுகதையும் அவர்கள் மனத்தில் இருந்தது. பாப் கர்ன்சி என்னும் மூன்றாம் நண்பரும் சேர்ந்துகொள்ள, 1981ஆம் ஆண்டு சூன் 27ஆம் நாள் நியூ ஹாம்சயர் மாநிலத்து ஹென்னிக்கர் என்னும் ஊரின் காட்டில் 12 பேர் இறங்கினர். அணி கிடையாது, ஒவ்வொருவரும் தனித்தனியே. காட்டின் பல இடங்களில் வைக்கப்பட்டிருந்த கொடிகளை, பிறர் எறியும் வண்ணம் தன்மேல் படாமல் கவர்ந்துகொண்டு வெளியேற வேண்டும்.

வென்றவர் ரிச்சி வைட் என்னும் வனத்தொழிலர். கொடிகள் அனைத்தையும் எடுத்துக்கொண்டு, எவர் கண்ணிலும் படாமல் அவர் வெளியே வந்தார். அவர் கையிலிருந்த கருவியிலிருந்து ஒரு குண்டுகூட வெளிப்படவில்லை. உலகின் முதல் வண்ணக்குண்டு ஆட்டத்தை வென்றவர் ஒருமுறைகூடச் சுடாதவர் என்னும் இச்செய்தியை மாணவரிடம் கூறினால் முதலில் நம்ப மறுப்பர். பின்னர் களத்தில் நடக்கும் முறையையே மாற்றிக்கொள்வர். இதனை நான் கண்டிருக்கிறேன்.

கொடி கவர்தலே இவ்வாட்டத்தின் முதல் நோக்கம் என்றறிந்தபோது, தமிழாசிரியனாகிய எனக்கு வெட்சி நினைவுக்கு வந்ததில் வியப்பில்லை. பகைவர் ஆநிரையை அவர் அறியாமல் கவர்தல் வெட்சி. கவர்ந்த நிரையை மீட்டல் கரந்தை. தொல்காப்பியர் இரண்டையும் வெட்சித்திணைக்குள் அடக்குவார். புறப்பொருள் வெண்பாமாலை கரந்தையைத் தனித்திணையாக்கும். ஒவ்வோர் ஒழுக்கத்துக்கும் ஒரு பூ. யார் எப்பக்கம் என்பது தலையில் சூடிய பூவால் விளங்கும். இன்றைய களத்தில் கையில் கட்டிய துணிப்பட்டையால் விளங்குகிறது. மாட்டுக்குக் குறியிடும் கருவியிலிருந்து பிறந்த ஆட்டம் மாடு கவரும் திணையை நினைவூட்டுவது இனியதொரு தற்செயல். தற்செயல் என்றே சொல்கிறேன். எதைக் கண்டாலும் 'இது நம்மிடமிருந்து போனது' என்று மேடையில் முழங்குவது நம்மவர் சிலர்க்குப் பழக்கமாகிவிட்டது. ஹென்னிக்கர் காட்டில் நின்ற பன்னிருவரும் வெட்சியை அறியார்.

ஆயினும் புறநானூற்றிலிருந்து ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். பாண்டியன் பல்யாகசாலை முதுகுடுமிப் பெருவழுதியை நெட்டிமையார் பாடிய ஒன்பதாம் பாட்டில், போர் தொடங்குமுன் ஓர் அறிவிப்பு வருகிறது. பசுக்களும், பார்ப்பனரும், பெண்டிரும், பிணியுடையோரும், மகப்பெறாதோரும் அரண் சேருமாறு முன்கூட்டியே சொல்லிவிட்டுத்தான் அம்பு தொடுப்பான் அம்மன்னன். யார் இலக்கு, யார் இலக்கல்லர் என்பதைத் தொடங்கும் முன்னரே உரத்துச் சொல்லுதல் என்னும் அந்த ஒழுங்கு, இன்று களத்து நடுவரின் முதற்கடமை. அவர் வாய்திறந்து சொல்லி முடிக்கும்வரை ஆட்டம் தொடங்குவதில்லை.

நடுவர் என்னும் சொல்லையும் சற்று எண்ணிப் பார்க்கவேண்டும். ஆங்கிலத்தில் அப்பணிக்குரிய சொல், வழக்கு எவரிடம் கொண்டு செல்லப்படுகிறதோ அவர் என்னும் பொருளது. காற்பந்தின் தொடக்க காலத்தில் நிலைமையும் அதுவே. ஒவ்வோர் அணிக்கும் தனித்தனி மேற்பார்வையாளர் உண்டு. அவ்விருவரும் உடன்படாதபோது மட்டும் களத்திற்கு வெளியே நிற்கும் மூன்றாமவரிடம் முறையிடுவர். அதுவரை அவருக்கு வேலையில்லை. 1891இல்தான் அவர் களத்தினுள் அழைக்கப்பட்டார். மற்ற இருவரும் கோட்டோரத்துக்குச் சென்றனர். தண்ட உதை என்னும் விதி பிறந்ததும் அவ்வாண்டே. தமிழ்ச்சொல்லோ முதலிலிருந்தே அவரை நடுவில் நிறுத்திவிட்டது. எமனுக்கும் நடுவன் என்று ஒரு பெயர் உண்டென்பதை நிகண்டு கற்றோர் அறிவர். காற்பந்து நடுவர்மீது பார்வையாளர் பொழியும் வசைமொழிகளைக் கேட்டால் இருவரையும் அவர்கள் வேறுபடுத்துவதாகத் தெரியவில்லை.

கோலாலம்பூர் மக்களுக்கு நடுவர் என்றவுடன் தோன்றுவது காற்பந்து நடுவரே. 1957 ஆகஸ்டு 30ஆம் நாள் திறக்கப்பட்ட மெர்டேக்கா அரங்கமும், அவ்வாண்டே தொடங்கிய மெர்டேக்கா காற்பந்துப் போட்டியும் இந்நாட்டாரின் விளையாட்டு நினைவில் ஆழப் பதிந்தவை. பிரிக்பீல்ட்ஸ் இரயில்வே குடியிருப்புகளில் வளர்ந்த முதியோரிடம் பேச்சுக் கொடுத்தால், இட்ட கோல்களைவிட மறுக்கப்பட்ட கோல்களைப் பற்றியே நெடுநேரம் பேசுவர். நம் அண்டை நாடாகிய சிங்கப்பூரிலிருந்து சென்ற கோவிந்தசாமி சுப்பையா, 1974 உலகக் கிண்ணத்தில் சூன் 19ஆம் நாள் மூனிக் நகரில் போலந்துக்கும் ஹைட்டிக்கும் நடந்த ஆட்டத்திற்கு நடுவராயிருந்தார். போலந்து ஏழு கோல்களை இட்டது. ஹைட்டி ஒன்றும் இடவில்லை. ஒருபக்கச் சாய்வான அத்தகைய ஆட்டத்தில் நடுவருக்கு வேலை குறைவு என்று எண்ணுதல் தவறு. தோற்றுக்கொண்டிருப்பவனுக்கும் கடைசி நிமிடம் வரை அதே அளவுகோல் உண்டு என்று காட்டுவது அங்குதான் கடினம்.

அவ்வுலகக் கிண்ணத்தில்தான் முதற் சிவப்பு அட்டை காட்டப்பட்டது. மஞ்சள், சிவப்பு அட்டைகளைக் கண்டவர் கென் ஆஸ்டன் என்னும் ஆங்கிலேய நடுவர். 1962இல் சிலிக்கும் இத்தாலிக்கும் நடந்த ஆட்டம் அடிதடியாய் முடிந்ததை நடுவராக நின்று பட்டறிந்தவர் அவர். 1966இல் இங்கிலாந்து–அர்ஜெண்டினா ஆட்டத்தில், யார் எச்சரிக்கப்பட்டார், யார் வெளியேற்றப்பட்டார் என்பது ஆடியவர்க்கே விளங்காமற் போயிற்று. நடுவருக்கும் ஆட்டக்காரருக்கும் பொதுமொழி இல்லை. அதனை எண்ணியவாறே இலண்டனில் வண்டியோட்டிச் சென்றபோது, சாலை விளக்கைக் கண்டு மஞ்சள் என்றால் நிதானி, சிவப்பு என்றால் நில் என்று அவர் தெளிந்தாராம். 1970 மெக்சிக்கோ உலகக் கிண்ணத்தில் அட்டைகள் நடைமுறைக்கு வந்தன. ஆஸ்டன் தொழிலால் பள்ளித் தலைமையாசிரியர். வகுப்பில் எத்தனை முறை சொல்லியும் கேளாத செவிக்கு ஒரு நிறத்தைக் காட்டினால் போதும் என்பது ஆசிரியனுக்கு எட்டக்கூடிய அறிவுதானே!

நம் சடுகுடு ஆட்டத்தில் அறிவித்தல் வேறு வகையில் அமைந்திருக்கிறது. 1990இல் பெய்ஜிங் ஆசிய விளையாட்டில் கபடி என்னும் பெயரோடு இடம்பெற்ற அவ்வாட்டத்தில், பாடிச் செல்பவன் இடைவிடாது ஒலித்துக்கொண்டே இருக்கவேண்டும். மூச்சு விட்டானா இல்லையா என்பதற்கு அவ்வொலியே சான்று. நடுவர் மட்டுமன்று, ஓரத்தில் நிற்கும் சிறுவனும் கேட்டறியலாம். வண்ணக்குண்டு ஆட்டத்திற்கும் சான்று உண்டு. ஆடையில் படியும் கறை அது. ஆனால் கபடியில் எல்லாரும் ஒரு சிறு கட்டத்துக்குள் கண்முன்னே நிற்பர். இங்கோ ஒருவன் புதருக்குப் பின்னும் ஒருவன் மரத்துக்குப் பின்னும் கிடப்பர். இருபது பேர் ஆடும் களத்தில் மூன்று நடுவர் எத்தனை முதுகுகளைப் பார்க்க முடியும்? ஆகவேதான் இவ்வாட்டத்தின் அடிப்படை விதி, பட்டவன் தானே கையுயர்த்தி 'பட்டேன்' என்று கூவி வெளியேற வேண்டும் என்பது. நடுவர் வருமுன் கறையைத் துடைப்பவன் பெருங்குற்றவாளி. பந்தய ஆட்டங்களில் அவனோடு அவன் அணியைச் சேர்ந்த இன்னொருவனும் சேர்த்து வெளியேற்றப்படுவதுண்டு.

இவ்வாட்டம் நம் நாட்டில் நன்கு வேரூன்றிவிட்டது. கிள்ளான் பள்ளத்தாக்கில் களங்கள் பல தோன்றின. லங்காவித் தீவில் ஆசிய அளவிலான உலகக் கிண்ணப் போட்டிகளும் நடந்திருக்கின்றன. எனினும் துப்பாக்கி வடிவுடைய எதையும் நம் சட்டம் எளிதாக விடுவதில்லை. அவசரகாலம் முடிந்த அதே 1960இல் இயற்றப்பட்ட ஆயுதச் சட்டம் போலி ஆயுதங்களையும் விட்டுவைக்கவில்லை. எனவே பள்ளி சார்ந்த எக்குழுவும் முறையான இசைவு பெற்ற களத்திற்கன்றி வேறெங்கும் செல்லலாகாது. யாரோ நண்பர் கருவி வைத்திருக்கிறார், தோட்டத்துப் பின்புறம் காலியாக இருக்கிறது என்னும் பேச்சுக்குச் செவிகொடுக்க வேண்டாம்.

நடுவராக நிற்க நேரும் ஆசிரியர்க்கு, நான் களத்துப் பணியாளரிடம் அரைநாள் பயின்றதையும் பின்னர்ப் பிழைசெய்து கற்றதையும் இங்குச் சொல்ல வேண்டும். குண்டின் குறுக்களவு ஏறத்தாழ 17 மில்லிமீட்டர்; எடை மூன்று கிராம். விநாடிக்கு 300 அடி, அதாவது 91 மீட்டர் என்பது பொதுவாக ஏற்கப்பட்ட உச்ச வேகம். மணிக்கு 330 கிலோமீட்டரை அது நெருங்கும் என்று கணக்கிட்டுக் காட்டினால் மாணவர் விழிகள் விரியும். பல களங்கள் இதனினும் குறைத்தே வைக்கின்றன. ஆட்டத்துக்கு முன் ஒவ்வொரு கருவியையும் வேகமானியின் முன் சுட்டுச் சோதிக்க வேண்டும். 'நேற்றுப் பார்த்தோம்' என்று பணியாளர் கூறினால் ஏற்கலாகாது. இந்த வேகத்தில் தோலில் பட்டால் சிறு கன்றலோடு போகும். கண்ணில் பட்டால் பார்வையே போகும். இவ்வாட்டத்தின் எல்லாக் காப்பு விதிகளும் இந்த ஒன்றைச் சுற்றியே அமைந்தவை. முகக்கவசம் களத்து எல்லைக்கு வெளியே வந்து, கருவிகளின் வாய்க்கு உறை மாட்டிய பிறகே கழற்றப்பட வேண்டும்.

நம் தட்பவெப்பம் தனி இடர் தருகிறது. குண்டின் உறை நீரை உறிஞ்சுவது. மழைநாளில் திறந்து வைத்த பெட்டியில் குண்டுகள் ஊதி உருமாறிக் குழாயிலேயே உடையும். பிற்பகலில் கிள்ளான் பள்ளத்தாக்கில் இடிமழை வருவது வழக்கம். மின்னல் தாக்கும் இடங்களுள் நம் பகுதி முன்னணியில் இருப்பது. எனவே காலை எட்டு மணிக்குத் தொடங்கி நண்பகலில் முடித்துவிடுவதே நன்று. எல்லாவற்றினும் பெரிய தொல்லை முகக்கவசத்தின் கண்ணாடியில் படியும் ஆவி. வியர்வையும் மூச்சும் சேர்ந்து ஐந்து நிமிடத்தில் கண்ணாடி வெண்திரையாகிவிடும். ஒன்றும் தெரியாதவன் கவசத்தைத் தூக்கவே துடிப்பான்.

களத்தில் நடுவர் எங்கு நிற்பது? வெட்டவெளியின் நடுவில் அல்ல. ஓரமாக, நகர்ந்துகொண்டே, ஆட்டக்காரரின் முதுகு தெரியும்படி நிற்க வேண்டும். ஆனால் ஒளிந்திருப்பவனையே உற்று நோக்கலாகாது. நடுவரின் பார்வை போகும் திசையை எதிரணி படித்துவிடும். ஆசிரியர்கள் முதலில் செய்யும் பிழை இதுவே. தன் மாணவன் எங்கே என்று கண் தேடிக்கொண்டே இருக்கும். ஐயம் எழுந்தால் அருகே சென்று கறையைச் சோதிக்க வேண்டும். நேரே பட்டு உடைந்த கறை, நாணயம் அளவு திரண்டிருக்கும். பக்கத்து மரத்தில் உடைந்து தெறித்தது புள்ளிபுள்ளியாகக் கிடக்கும். தெறிப்பு கணக்கில் சேராது. ஒரு மாணவி முதுகில் ஏதோ பட்டதென்று தானே கையுயர்த்தினாள். நோக்கினால் உடையாத குண்டு மோதிவிட்டுப் போயிருந்தது. 'நீ வெளியேற வேண்டியதில்லை' என்றதும் அவள் முகக்கவசத்துக்குள் சிரித்த ஒலி இன்றும் காதில் இருக்கிறது. பல களங்கள் சிவப்பு வண்ணத்தைத் தவிர்ப்பதன் காரணமும் இத்தகைய வேளையில் விளங்கும். காயமா சாயமா என்று நடுவர் தடுமாறலாகாது.

மொழியையும் கருதவேண்டும். எங்கள் களத்துப் பணியாளர் மலாய் இளைஞர்; நம் பிள்ளைகள் தமிழும் ஆங்கிலமும் கலந்து கத்துவர். நிறுத்தும் ஆணையை மும்மொழியிலும் கூறிக் குழப்புவதைவிட 'பெர்ஹெந்தி' என்னும் ஒரே சொல்லையும் ஒரு நீண்ட விசிலையும் வைத்துக்கொள்வதென முடிவு செய்தோம். ஆஸ்டனுக்கு வந்த சிக்கல்தானே இது! விசில் ஒலித்தால் இருக்குமிடத்திலேயே உறைந்து நிற்க வேண்டும். காரணம் தீர்ந்தபின் அதே இடத்திலிருந்து ஆட்டம் தொடரும். இவ்விதியைக் காலையில் நானே பிள்ளைகளுக்கு மும்முறை விளக்கினேன்.

விளக்கியவனே மறந்தேன் என்பதைச் சொல்லாமல் இக்கட்டுரை முடியாது. இசைவுக் கடிதத்தில் கையெழுத்திடுமுன் அம்மூதாட்டியார் என்னிடம் ஓர் உறுதி கேட்டிருந்தார். "கண்ணுக்குப் போட்டத கழட்டாம நீங்க பார்த்துக்குவீங்களா சார்?" என்றார். பார்த்துக்கொள்வேன் என்றேன். அதன் பின்னரே பேனாவை எடுத்தார்.

அன்றைய மூன்றாம் ஆட்டத்தில் அவர் பேரன் பழைய வண்டிச் சக்கரங்களின் அடுக்குக்குப் பின் பதுங்கியிருந்தான். விடியலில் பெய்த மழையின் ஈரம் மண்ணிலிருந்து ஆவியாய் எழுந்துகொண்டிருந்தது. நான் இருபதடித் தொலைவில் நின்றேன். அவன் குனிந்து, கவசத்தை நெற்றிக்கு மேல் தள்ளி, சட்டைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினான். விசில் என் வாயிலேயே இருந்தது. ஊதியிருக்க வேண்டும், ஊதவில்லை. ஊதினால் அவன் ஒளிந்திருக்கும் இடம் எதிரணிக்குத் தெரிந்துவிடுமே, அது அவனுக்கு அநீதி ஆகாதா என்று என் உள்ளம் நடுவுநிலைமையை ஆராய்ந்துகொண்டிருந்தது! இரண்டு விநாடி, அல்லது மூன்று. சக்கரத்தின் மேல்விளிம்பில் ஒரு குண்டு உடைந்து, அதன் மஞ்சள் வண்ணம் அவன் காதோரம் தெறித்தது. பிறகுதான் ஊதினேன். நீண்ட விசில் ஆட்டம் முழுவதையுமே நிறுத்திவிடும் என்பதும், அதனால் எவர்க்கும் ஊதியமோ இழப்போ இல்லை என்பதும் ஊதிய பிறகே நினைவுக்கு வந்தன. திருக்குறளின் பன்னிரண்டாம் அதிகாரத்தை முப்பதாண்டு கற்பித்தவனுக்கு, ஆட்டத்தின் நேர்மையும் ஆடுபவனின் கண்ணும் எதிரெதிரே நிற்கையில் எது முந்தியது என்பது மூன்று விநாடி தெரியாமற் போயிற்று.

பையனுக்கு ஒன்றுமில்லை. காதைத் துடைத்துவிட்டுக் கவசத்தை இறக்கிக்கொண்டான். தெறிப்புத்தானே, தொடரலாமா என்று கேட்டான். விதிப்படி தொடரலாம். நான் அவனை வெளியே அனுப்பினேன். கவசத்தைக் கழற்றியவர் அவ்வாட்டத்தில் மீண்டும் ஆடலாகாது என்பது நாங்கள் காலையில் வைத்த விதி. அவன் எதிர்ப்புச் சொல்லாமல், கருவியின் வாய்க்கு உறை மாட்டி, தலைக்கு மேல் உயர்த்திப் பிடித்துக்கொண்டு நடந்தான். அன்று முதல், எங்கள் உலாக்களில் இரண்டு மாற்றங்கள் செய்தோம். ஆட்டம் ஒவ்வொன்றும் எட்டு நிமிடத்துக்கு மேல் நீடிப்பதில்லை. ஆவி படிந்தவர் ஒரு கையால் கவசத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டு மறுகையை உயர்த்தினால், அருகிலுள்ள நடுவர் அவரை வெளியே அழைத்துச் சென்று துடைத்துத் திரும்பக் கொண்டுவருவார். அதுவரை ஆட்டம் நிற்கும். பிள்ளைகள் முதலில் முணுமுணுத்தனர், பின்னர்ப் பழகிவிட்டனர்.

மாலையில் பேரனை வீட்டில் விட்டுவிட்டு நடந்ததை மூதாட்டியாரிடம் கூறினேன். பையன் சொல்லவேண்டாம் என்று வழியெல்லாம் கெஞ்சினான். நான் ஊதாமல் நின்றதையும் சேர்த்தே சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பேரனை அருகே அழைத்து முகத்தை விளக்கொளிப் பக்கம் திருப்பி, இரு கண்களையும் இமை விரித்துப் பார்த்தார்; காதோரத்தில் எஞ்சியிருந்த மஞ்சளை முந்தானையால் துடைத்தார். பின்பு என்னிடம், "எங்க தோட்டத்துல கேட்டுல நின்ன பட்டாளத்துக்காரன் ஒருநாளும் வந்து இப்படிச் சொன்னதில்ல சார்," என்றார்.

அடுத்த ஆண்டுக்கான கடிதத்தில் அவர் கையெழுத்திட்டார். கையெழுத்திடுமுன், விசிலை நான்தான் ஊதப்போகிறேனா, வேறு யாராவது ஊதப்போகிறார்களா என்று கேட்டார்.